பழைய டிராக்டரை விலை பேசி வாங்குதல்

மணப்பாறைச் சந்தையிலும், அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவிலே கூடும் சந்தையிலும், கண்ணபுரம் மாரியம்மன் கோயில் விழாவில் காங்கயம் மாடுகள் வந்து நிற்கும் இடத்திலும் நமது குடியானவர் ஒருவர் ஏமாந்து திரும்புவது அபூர்வம். மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணிப் பார்த்து வயதைச் சொல்லிவிடுவார். சுழி பார்ப்பார்; நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார்; திமிலை அழுத்திப் பார்த்து நுகம் பட்ட தழும்பின் பழமையை அறிவார். இவ்வளவும் முடிந்த பின்னரே துண்டைக் கையின்மேல் போட்டு, அதன் மறைவில் தரகரின் விரல்களைப் பற்றி விலை பேசத் தொடங்குவார். அதாவது, விரலைப் பிடிக்குமுன்னரே அந்த மாடு தமக்கு என்ன பெறும் என்பது அவர் மனத்தில் முடிவாகியிருக்கும்.

அதே குடியானவர் பழைய டிராக்டர் விற்கும் வியாபாரியின் கொட்டகைக்குள் நுழையும்போது இவ்வறிவு முழுவதையும் வாசலிலே கழற்றி வைத்துவிட்டுப் போகிறார். புதிதாகப் பூசிய வர்ணத்தைப் பார்க்கிறார், ஆசனத்தின் புது உறையைத் தடவிப் பார்க்கிறார், அப்படியே “கடைசி விலை என்ன?” என்று கேட்டுவிடுகிறார். மாடு சோடை போனால் ஒரு பருவத்தோடு நஷ்டம் தீரும். டிராக்டர் சோடை போனாலோ, அதற்காக அடகு வைத்த நகையும் நிலப்பத்திரமும் பல பருவங்களுக்குத் திரும்பி வாரா. வியாபாரியிடம் பேசும் பேச்சில் விலை குறைவது சொற்பமே. பேசுமுன் செய்துகொள்ளும் ஆயத்தத்தில்தான் பெரும்பகுதி குறைகிறது. அவ்வாயத்தம் எத்தகையது என்பதே இங்கு விவரிக்கப்படுகிறது. கார், ஜீப் முதலியன வாங்குவோருக்கும் இதில் பெரும்பாலும் பொருந்தும்.

பழைய வாகன வியாபாரத்தின் இயல்பைப் பற்றி அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ம் வருஷத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருக்கு 2001-ம் வருஷத்தில் வேறு இருவருடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்ததற்கு இவ்வாராய்ச்சியே முக்கிய காரணம். அவர் கூறியது நம் சந்தைத் தரகர்களுக்குத் தெரியாத சங்கதியன்று. வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகையால் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் நடுத்தரமான ஒரு விலையே கொடுக்க முன்வருகிறான். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க அதன் சொந்தக்காரருக்கு மனம் வராது; அது சந்தையை விட்டு விலகிவிடுகிறது. மிஞ்சுவது பழுதான வண்டி. இதிலிருந்து குடியானவர் அறியவேண்டியது யாதெனில், குறையைத் தாமே கண்டுபிடிக்கும் திறமை உள்ளவருக்கே நல்ல வண்டியும் நியாய விலையும் ஒருங்கே அமையும் என்பதாம்.

இதைச் சொல்லும்போது வியாபாரிகளை நிந்திப்பது நோக்கமன்று. கொட்டகை வாடகை, ஆள் கூலி, முதலுக்கு வட்டி ஆகியவற்றைச் செலுத்துபவர் லாபம் எதிர்பார்ப்பது நியாயமே. கிழட்டு எருதின் கொம்பைச் சீவி, எண்ணெய் தடவிச் சந்தைக்கு ஓட்டிச் செல்லும் குடியானவர் டிராக்டருக்கு வர்ணம் பூசிய வியாபாரியைக் குறை கூறுவதும் அவ்வளவு பொருத்தமன்று.

எங்கு உழைத்த வண்டி?

ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே குதிரைச் சக்தி உள்ள இரண்டு டிராக்டர்கள் பெறும் விலை ஒன்றாயிராது. எங்கு உழைத்தது என்பதே முதற்கேள்வி. காவிரிப் பாசனப் பகுதியில் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு செய்த வண்டியில், அச்சுகளின் ஓரத்திலுள்ள எண்ணெய் அடைப்பான்கள் வழியாகச் சேற்று நீர் உள்ளே புகுந்திருக்கக்கூடும். பின் அச்சுப் பெட்டியின் எண்ணெயைச் சிறிது இறக்கிப் பார்த்தால், நீர் கலந்திருப்பின் அது மோர் நிறமாகத் தோன்றும். செங்கல் சூளைக்கும் மண் ஏற்றுவதற்கும் ஓடிய வண்டியில் பின்புறத்து இழுவைக் கொக்கியின் துளை வட்டமாயிராமல் நீண்டு தேய்ந்திருக்கும். பிரேக்கும் கிளட்சும் களைத்திருக்கும். வாடகைக்குச் சுழற்கலப்பை ஓட்டிய வண்டியில் பி.டி.ஓ. தண்டின் பற்கள் தேய்ந்திருக்கும். தோட்டக்கால் நிலத்தில் ஒரே குடும்பத்தார் தம் சொந்த உழவுக்கு மட்டும் வைத்திருந்த வண்டி வர்ணம் மங்கியிருந்தாலும் மேலானது. வியாபாரி இவ்விவரத்தைச் சொல்லாவிட்டாலும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள முந்திய சொந்தக்காரரின் ஊரும், இத்துளையும் பற்களும் சொல்லிவிடும்.

மாட்டுக்குப் பல் எப்படியோ அப்படி டிராக்டருக்கு மணி காட்டும் மீட்டர் என்று பலர் எண்ணுகிறார்கள். பல்லைத் திருத்த முடியாது. மீட்டரைத் திருத்தலாம், கம்பியைக் கழற்றியும் வைக்கலாம், புதிது மாற்றியும் விடலாம். மேலும் என்ஜினின் சுற்றைக் கொண்டு ஓடும் பழைய மாதிரி மீட்டர்களில், என்ஜின் மெதுவாக ஓடும்போது ஒரு மணி நேரம் முழு மணியாகப் பதிவாவதில்லை. ஆகையால் மீட்டர் கூறுவதை மற்றச் சாட்சிகளோடு ஒத்துப் பார்க்கவேண்டும். பத்து வருஷ வண்டி 1,800 மணியே காட்டுமாயின், வருஷத்துக்கு 180 மணி, அதாவது நாளொன்றுக்குச் சராசரி அரைமணி நேரம் மட்டுமே அது ஓடியதாக அர்த்தமாகும். அத்தகைய வண்டியின் கிளட்சு மிதி வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பலாகாது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2316 என்றிருந்தால் 2016-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். 2020-ம் வருஷத்து வண்டி, 800 மணிதான் ஓடியது என்று சொல்லப்படுகையில், பின் டயர்கள் இரண்டும் 2024-ல் செய்தவையாக இருப்பின், முதல் டயர்கள் என்ன ஆயின என்று கேட்பது நியாயம்.

சோதனைக்குப் போகும் தினத்தில், வண்டியைக் கிளப்பி வைக்கவேண்டாம் என்று வியாபாரியிடம் முன்னதாகவே சொல்லிவிடவேண்டும். போனவுடன் என்ஜினின்மீது கையை வைத்துப் பார்க்கலாம். சூடாயிருந்தால், குளிர்ந்த நிலையில் அது எளிதில் கிளம்பாத வண்டியோ என்னும் ஐயம் பிறக்கும். ஆறிய பிறகு மறுபடி கிளப்பச் சொல்லிக் காத்திருப்பதே தகுதி. கிளம்பியபின் வரும் புகையைக் கவனிக்கவேண்டும். சுமையேறும்போது சிறிது கறுப்புப் புகை வருவது சகஜம். ஓயாமல் வந்தால் காற்று வடிகட்டியோ டீசல் செலுத்தும் உறுப்போ சரியில்லை. நீலப்புகை, என்ஜின் தன் எண்ணெயைத் தானே எரிக்கிறது என்பதற்கு அடையாளம். இதுவே மிகுந்த செலவு வைப்பது. குளிர் நீங்கிய பிறகும் வெண்புகை நில்லாவிடில் டீசல் சரிவர எரியவில்லை, அல்லது நீர் உள்ளே கசிகிறது. என்ஜின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கிருந்து புகை விட்டுவிட்டுத் தள்ளுமாயின், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன.

பிறகு கொத்துக்கலப்பையை மாட்டி ஹைட்ராலிக்கினால் உயரத் தூக்கி, என்ஜினை நிறுத்திவிட்டு நிற்கவேண்டும். வெற்றிலை போடும் நேரத்துக்குள் கலப்பை தரையைத் தொட்டால் உள்ளே கசிவு உண்டு. முன் அச்சை ஜாக்கியால் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தால் புஷ், பின் ஆகியவற்றின் தேய்வு கையில் தெரியும். மேல் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டே கிளட்சை மெல்ல விட்டால் என்ஜின் அணைந்துவிடவேண்டும். அணையாது உறுமிக்கொண்டேயிருந்தால் கிளட்சுத் தட்டு வழுக்குகிறது. இவற்றையெல்லாம் கொட்டகையிலேயே அரைமணியில் பார்த்துவிடலாம். எனினும் உழவு நிலத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதற்கு ஈடான சோதனை வேறில்லை. அதற்குச் சம்மதியாத வியாபாரியிடம் மேற்கொண்டு விலை பேசுவது வீண்.

நல்ல மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்வது அவசியம். அவர் வியாபாரி சொல்லியனுப்பியவராக இருத்தல் கூடாது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவருக்கு ஒரு நாள் கூலியைக் குடியானவரே கொடுத்துவிடவேண்டும். இல்லாவிடில் அவர் கூலியை வியாபாரி கொடுப்பார். ஊரார் நால்வரைச் சேர்த்துக்கொண்டு போவதால் பயனில்லை. ஒருவர் புகழ்ந்த வண்டியை மற்றொருவர் இகழ, வியாபாரிக்கு எல்லாம் காதில் விழும். எந்த நிறத்து வண்டி என்று முன்னமே தீர்மானித்துவிட்ட வாலிபப் பிள்ளையை வீட்டிலே விட்டுச் செல்வது உத்தமம்.

குறையை ரூபாயாக்குதல்

கண்ட குறைகளை வியாபாரியிடம் அங்கேயே ஒவ்வொன்றாகச் சொல்லி வாதாடுவது பலரது வழக்கம். “டயர் போய்விட்டதே” என்றால் “இன்னும் இரண்டு வருஷம் ஓடும்” என்பார் வியாபாரி. பேச்சு அத்துடன் முடியும். குறையைச் சொல்லுவதால் விலை இறங்காது. குறையைத் தீர்க்க ஆகும் ரூபாயைச் சொன்னால் இறங்கும். ஆகையால் முதல் நாள் பார்வையிட்டு, குறைகளைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, விலை ஒன்றும் பேசாமல் திரும்பிவிடவேண்டும். பட்டறையிலும் உதிரிப் பொருள் கடையிலும் விசாரித்து ஒவ்வொன்றுக்கும் தொகை போட்ட பின்னரே மறுபடி போகவேண்டும்.

உதாரணமாக, 2016-ம் வருஷத்து 45 குதிரைச் சக்தி வண்டி ஒன்றை ஒரு குடியானவர் பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். கீழ்க்கண்ட தொகைகள் கணக்கை விளக்குதற்காக வைத்தவையே தவிர, கடைவீதி விலையல்ல. வியாபாரி கேட்பது ரூ. 4,25,000. அதே மாதிரி, அதே வருஷத்து வண்டி நல்ல நிலையில் என்ன விலைக்குப் போகிறது என்று சுற்றுவட்டாரத்தில் மூன்று நான்கு இடங்களில் விசாரித்ததில் ரூ. 4,00,000 என்று தெரிகிறது. இவ்வண்டிக்குப் பின் டயர் இரண்டும் மாற்ற ரூ. 50,000; கிளட்சு வேலைக்கு ரூ. 15,000; ஹைட்ராலிக் வேலைக்கு ரூ. 14,000, முன் அச்சு புஷ், பின் மாற்ற ரூ. 6,000. மொத்தம் ரூ. 85,000.

இம்முழுத் தொகையையும் கழித்துவிட்டு ரூ. 3,15,000 தான் தருவேன் என்று உட்கார்வது சரியன்று. நாலு லட்சம் பெறும் மற்றை வண்டிகளின் டயரும் பாதி தேய்ந்தே இருக்கும். அவர் போடப்போவது புது டயர். ஆகவே டயர் விலையில் பாதியாகிய ரூ. 25,000 மட்டும் கழிப்பதே நியாயம். அப்படிக் கழித்தால் மொத்தக் கழிவு ரூ. 60,000 ஆகி, வண்டி அவருக்குப் பெறும் விலை ரூ. 3,40,000 என்று ஏற்படுகிறது. இத்தொகையைக் காகிதத்தில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவேண்டும்; வெளியே எடுக்கவேண்டியதில்லை. வாங்குபவரே நியாயமாகக் கணக்குப் போட்டிருந்தால், பேச்சின் நடுவே அவர் குரல் தடுமாறாது என்பது அனுபவஸ்தர்கள் கண்டது.

புது வண்டியின் விலையையும் தெரிந்துகொண்டு போதல் நலம். “புது வண்டி விலை ஏறிவிட்டது, அதனால் பழையதும் ஏறிவிட்டது” என்பது கொட்டகைகளில் எப்போதும் கேட்கும் வாக்கியம். டிராக்டர்கள்மீது இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. வரி, 2025-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரி நீங்கலாக ஏழு லட்ச ரூபாய் விலையுள்ள வண்டிக்கு முன்பு வரி ரூ. 84,000; பிறகு ரூ. 35,000. வித்தியாசம் ரூ. 49,000. அத்தேதிக்கு முன் பழைய வண்டியை வாங்கிப் போட்ட வியாபாரி தம் கொள்முதலைக் காட்டி விலை சொல்லலாம். அந்த நஷ்டத்தை வாங்குபவர் ஏற்கவேண்டிய அவசியமில்லை.

கொட்டகையில் உட்கார்ந்த பின்

மேற்படி குடியானவர் இரண்டாந்தடவை போகிறார். தேநீர் வருகிறது. “ஐயா, நேற்று ஒருவர் முன்பணத்தோடு வந்தார், தாங்கள் பார்த்துப் போன வண்டியென்று நிறுத்தி வைத்திருக்கிறேன்” என்கிறார் வியாபாரி. இதற்கு மறுமொழி தேவையில்லை. “ஐயாவுக்கு மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்பது அடுத்த கேள்வி. இதற்கு மறுமொழி சொன்னவர் தோற்றார். மாதத் தவணை பேச்சுக்கு வந்துவிட்டால் வண்டியின் விலை திரைமறைவில் போய்விடும். தவணையைச் சிறிதாகவும் காலத்தை நீளமாகவும் ஆக்கி எவ்விலையையும் உள்ளே அடக்கிவிடலாம். “முதலில் விலை முடியட்டும் தம்பி, பணம் எப்படிக் கொடுப்பது என்பதைப் பிறகு பேசுவோம்” என்று சொல்வதே தகும்.

வட்டி விஷயத்திலும் ஒரு சங்கதி உண்டு. மூன்று லட்ச ரூபாய்க் கடனுக்கு வருஷத்துக்கு 9 சதவீதம் ‘பிளாட்’ வட்டி என்றால் மலிவாகத் தோன்றும். நான்கு வருஷத்துக்கு வட்டி ரூ. 1,08,000, மொத்தம் ரூ. 4,08,000, மாதம் ரூ. 8,500. ஆனால் மாதாமாதம் அசலும் அடைந்து வருகிறதே. அடைந்த அசலுக்கும் கடைசிவரை வட்டி கட்டுகிறார் குடியானவர். குறைந்து வரும் நிலுவைக்கு வட்டி என்று கணக்கிட்டால் இது ஏறக்குறைய 16 சதவீதமாகும். கூட்டுறவுச் சங்கத்திலோ பாங்கியிலோ என்ன வட்டி என்பதை இதனோடு ஒப்பிடாமல் கையெழுத்திடலாகாது. தம் பழைய வண்டியை மாற்றாகக் கொடுப்பவரும் இரண்டு பேரங்களையும் கலக்கவிடக்கூடாது. பழையதற்கு இருபதினாயிரம் ஏற்றிக் கொடுத்து, வாங்குவதில் முப்பதினாயிரம் ஏற்றிவிடுவது எளிது.

விலைப் பேச்சு இவ்வாறு நடக்கலாம். குடியானவர் தம் காகிதத்தைப் பிரித்து, குறைகளுக்கு ஆகும் தொகைகளை மட்டும் வாசித்து, ரூ. 3,10,000 என்கிறார். வியாபாரி சிரித்து நாலு லட்சத்துக்கு இறங்குகிறார்; பிறகு ரூ. 3,75,000. குடியானவர் ரூ. 3,25,000. இங்ஙனம் ஏறும்போது ஒவ்வொரு படியும் முந்தினதைவிடச் சிறிதாயிருக்கவேண்டும். ஒரே அளவாக ஏறினால் இன்னும் ஏறுவார் என்று வியாபாரி கணக்கிடுவார். பேச்சு ரூ. 3,60,000-க்கும் ரூ. 3,35,000-க்கும் இடையே நிற்கிறது. “ஐயா, இதற்குக் கீழே எனக்குக் கட்டாது.” “கட்டாவிட்டால் வேண்டாம் தம்பி. எனக்கு 3,40,000 வரை பெறும், அதற்குமேல் பெறாது. தங்களுக்குச் சம்மதமாயின் சொல்லியனுப்புங்கள்.” சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்.

எழுந்துவிடுவது சொல்லுவதற்கு எளிது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்க, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்ட நாளில் கொட்டகைக்குப் போனவரால் எழுந்திருக்க முடியாது. அது வியாபாரிக்கும் தெரியும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ந் தேதியை ஒட்டிய நாட்களில் டெல்டாப் பகுதியில் டிராக்டர் தேடுவது, தீபாவளிக்கு முதல் நாள் ஜவுளி எடுப்பதற்குச் சமானம். வேலையில்லாத மாதங்களில் தேடுபவருக்கே நிதானம் உண்டு. அப்படியும் பருவம் நெருங்கிவிட்டால், வாங்குவதை விட்டு அப்பருவத்துக்கு வாடகை வண்டியை அமர்த்திக்கொள்ளலாம். தமிழ்நாட்டு வேளாண்மைப் பொறியியல் துறையினர் டிராக்டர்களையும் கருவிகளையும் மணிக் கணக்கில் வாடகைக்குக் கொடுத்து வருகிறார்கள். அவற்றைக் கைப்பேசி மூலம் பதிவு செய்துகொள்ளவும் ஏற்பாடு உண்டு. இவ்வாடகைக்கு முன்னதாகவே ஏற்பாடு செய்துவிட்டு விலை பேசப் போகிறவர், “வேண்டாம்” என்று சொல்லும்போது அது மெய்யாகவே வேண்டாம் என்பதாக இருக்கும். அந்த மெய்யை வியாபாரிகள் முகத்திலேயே படித்துவிடுகிறார்கள்.

நான்கு நாள் கழித்து வியாபாரி கூப்பிடுகிறார். “ரூ. 3,45,000 வைத்துக்கொள்ளுங்கள் ஐயா; முன் அச்சு வேலையை நானே செய்து கொடுத்துவிடுகிறேன்; பெயர் மாற்றும் செலவும் என்னுடையது.” அச்சு வேலை ரூ. 6,000 என்று காகிதத்தில் இருக்கிறது. ஆகவே உண்மை விலை ரூ. 3,39,000. பேரம் படிந்தது.

பத்திரங்கள்

பேரம் படிந்த மகிழ்ச்சியில் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுபவர்களே பெரிய தொல்லைக்கு உள்ளாகிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் அடைமானமாகப் பதிவாகியிருந்தால், அக்கம்பெனி கையெழுத்திட்ட 35-ம் எண் படிவமும் பாக்கியில்லை என்னும் சான்றும் வராமல் அது நீங்காது. இது நீங்காத வண்டி, விலை கொடுத்து வாங்கிய பிறகும் பிறருடைய பாத்தியதைக்கு உட்பட்டது. தவணை நின்றிருந்தால் களத்திலிருந்தே எடுத்துப் போய்விடுவார்கள். வண்டியின் எண்ணைக் கொண்டு பரிவாகன் இணையதளத்தில் பதிவு, இன்ஷூரன்ஸ், அடைமானம் ஆகியவற்றைக் காணலாம். முன்பணம் கொடுக்குமுன் இதைப் பார்ப்பதற்குக் கால்மணி நேரம் போதும்.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். 29, 30-ம் எண் படிவங்கள் இதற்குரியவை. வேறு மாநிலத்து வண்டியாயின் 28-ம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்றும் வேண்டும். டிரெய்லர் இருந்தால் அதன் பதிவு தனி. டிராக்டரின் புத்தகத்தைப் பெற்றுக்கொண்டு டிரெய்லரின் புத்தகத்தை மறந்துவிடுவோர் பலர். விவசாய டிராக்டருக்கு முதற்பதிவு 15 வருஷம் செல்லும். அதன் பின் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கவேண்டும். ஆகையால் பதினான்கு வருஷ வண்டிக்கு விலை பேசுபவர் அச்செலவையும் தம் காகிதத்தில் சேர்க்கவேண்டும்.

முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் வண்டி கைமாறிவிட்டது என்னும் எண்ணம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. பெயர் மாற்றாமல் விற்றுவிட்ட வண்டி விபத்துக்குள்ளானால், பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-ம் வருஷத்தில் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே விற்பவருக்கும் இது விஷயத்தில் வாங்குபவரைப் போன்றே அவசரம் இருத்தல் வேண்டும். பழைய வாகன வியாபாரிகள் அதிகாரச் சான்று பெறுவதற்கென மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. அத்தகைய சான்று இருக்கிறதா என்று வியாபாரியைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கவேண்டிய அம்சமும் ஒன்று உண்டு. அனுமதியின்றி மணல் ஏற்றியதற்காகக் கைப்பற்றப்பட்ட டிராக்டர்கள் வழக்கு தீருமுன்னரே பல கைகள் மாறிவிடுகின்றன. பின்னர் வழக்கு நோட்டீசு வரும்போது, அதை ஒன்றும் அறியாத குடியானவர் திகைத்து நிற்கிறார். விலை பேசும் குடியானவர் கிராம நிர்வாக அலுவலரை அணுகி யோசனை கேட்டால், முந்திய சொந்தக்காரரின் ஊரிலுள்ள கிராம நிர்வாக அலுவலரிடமும் போலீஸ் நிலையத்திலும் அவ்வண்டியின் எண்ணைக் கூறி விசாரிக்கும்படி சொல்லலாம். பின்னால் வரும் மனுக்களையும் அலைச்சலையும் எண்ணினால் இது சிறு சிரமமே.

மேற்கூறிய உதாரணத்துக் குடியானவர், விற்பனைக் கடிதத்திலேயே வண்டியின் பதிவு எண், என்ஜின் எண், சேசிஸ் எண், ஒப்புக்கொண்ட அச்சு வேலை, பெயர் மாற்றித் தரவேண்டிய தேதி ஆகியவற்றை எழுதச் செய்தார். என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் புத்தகத்தில் உள்ளபடி வண்டியிலும் சுரண்டிப் பார்த்துச் சரிபார்த்தார். ரூ. 3,20,000 பாங்கி மூலம் செலுத்தி, ரூ. 25,000-ஐப் பெயர் மாறும்வரை நிறுத்திக்கொண்டார். வியாபாரி முதலில் முகம் சுளித்தார். ஆயினும் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டபடியால் இணங்கினார். ஐந்து வாரத்தில் புத்தகம் அவர் பெயரில் வந்தது; அன்றே மீதிப் பணமும் போய்ச் சேர்ந்தது. இடையில் அவர் செய்தது, இன்ஷூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பித்ததும், என்ஜின் எண்ணெயும் வடிகட்டிகளும் மாற்றி, அன்றைய மீட்டர் எண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் தேதியுடன் குறித்து வைத்ததுமேயாம். பின் டயர்களை அறுவடைக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொன்னார்.